சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான்

"தாய்லாந்துல ஒரு ஸ்கூல்ல மூணு மாசம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுறாங்க சார். தங்க இடம், சாப்பாடு ஃப்ரீ. சம்பளம் கிடையாது. சர்டிபிகேட் தருவாங்க. போகலாமா?"

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கேட்பவர் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவராக இருப்பார், அல்லது ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் வெளியூர் வாழ்க்கையைப் பார்த்துவரலாம் என்று நினைப்பவராக இருப்பார். போகலாமா என்று கேட்கும்போதே பணம் கட்டியாகிவிட்டது என்பது இரண்டு நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். ரசீது இருக்காது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கும். ஒப்பந்தம் இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த வண்ண நோட்டீஸ் இருக்கும். என்ன விசா என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "டூரிஸ்ட்தான் சார். சம்பளம் வாங்கலையே, அதனால பிரச்சினை இல்லைன்னு ஏஜென்ட் சொன்னார்."

பிரச்சினை இருக்கிறது. சம்பளம் இல்லாததால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் கட்டுரையில் இதை இன்னும் சில முறை சொல்லப்போகிறேன். ஒரு முறை சொன்னால் யாரும் கேட்பதில்லை.

சட்டத்தின் கணக்கு வேறு

வெளிநாட்டில் தன்னார்வப் பணி என்பது புதிய விஷயம் அல்ல. பிரிட்டனின் வி.எஸ்.ஓ. 1958-லும் அமெரிக்காவின் பீஸ் கோர் 1961-லும் தொடங்கின. அவை தேர்வு வைத்து, பயிற்சி கொடுத்து, முறையான அனுமதியோடு, தங்கள் செலவில் ஆட்களை அனுப்பின. இன்று நம் ஊரில் விற்கப்படுவது அதுவல்ல. இங்கே போகிறவர்தான் பணம் கட்டுகிறார். அனுமதிப் பத்திரம் என்ற பேச்சே எழுவதில்லை.

தாய்லாந்தையே எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் அதிகம் போவது அங்கேதான். இந்தியர்களுக்கு அங்கே விசா விலக்கு கொடுத்தார்கள்; 2024 ஜூலையில் அதை 60 நாளாக உயர்த்தினார்கள். விலக்கும் நாட்கணக்கும் மாறக்கூடியவை, புறப்படும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்கள் எத்தனையாக இருந்தாலும் அந்த விலக்கு ஊர் சுற்றிப் பார்ப்பதற்குத்தான். வகுப்பறையில் நின்று பாடம் நடத்த அதில் இடமில்லை. சம்பளம் வாங்காத தன்னார்வலரிடமும் அந்நாட்டுத் தொழிலாளர் துறை வேலை அனுமதிப் பத்திரம் கேட்கிறது.

பத்திரம் இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். அதன்பின் நாடு கடத்தல். அடுத்த 2 ஆண்டுகளுக்கு வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவும் முடியாது. வேலைக்கு வைத்தவருக்கும் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை அபராதம் உண்டு. ஆனால் பள்ளி அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவது உங்களுக்குத்தான். சென்னையில் உட்கார்ந்து "டூரிஸ்ட் விசாவே போதும்" என்று சொன்ன ஏஜென்டின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

தாய்லாந்து மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் இலங்கையிலும் சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்யக்கூடாது என்பதே விதி. மலையகத் தோட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நல்ல மனதோடு கிளம்புகிறவர்களும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முறையாகப் போவது எப்படி

முதலில் அழைப்புக் கடிதம். பள்ளியின் அல்லது அறக்கட்டளையின் லெட்டர்ஹெட்டில், பொறுப்பாளர் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். எந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே தங்க வேண்டும், சாப்பாடு யார் பொறுப்பு, உடம்புக்கு முடியாவிட்டால் யார் செலவு என்பதெல்லாம் அதில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த விசாப் பிரிவில் உங்களை அழைக்கிறார்கள் என்பது எழுத்தில் வேண்டும். கடிதம் வந்ததும் அந்தப் பள்ளியின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டால் ஏஜென்டின் ஆள்தான் எடுப்பார்.

இரண்டாவது விசா. தாய்லாந்தில் பதிவுபெற்ற அறக்கட்டளையோ தொண்டு நிறுவனமோ தன்னார்வலராக அழைத்தால் அதற்கு நான்-இமிகிரன்ட் 'ஓ' பிரிவு. பள்ளியே ஆசிரியராக வேலைக்கு எடுத்தால் நான்-இமிகிரன்ட் 'பி' பிரிவு. 2025 ஜனவரி முதல் இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பதெல்லாம் இ-விசா முறைதான். ஏஜென்ட் வழியாகத்தான் போட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் விண்ணப்பத்தில் சென்னைத் துணைத் தூதரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழைக்கும் அமைப்பின் பதிவுச் சான்று நகலையும் கேட்பார்கள். அதைத் தர மறுக்கிற அமைப்பிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. ஒருமுறை நுழையும் விசாவில் 90 நாள் தங்கலாம்.

மூன்றாவது வேலை அனுமதி. விசா வேறு, வேலை அனுமதி வேறு. விசா கிடைத்ததுமே பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் குற்றம்தான். அனுமதியைத் தருவது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள வேலைவாய்ப்புத் துறை. பாங்காக்குக்கு வெளியே என்றால் அந்தந்த மாகாண வேலைவாய்ப்பு அலுவலகம். வெகுகாலமாக நீல அட்டைச் சிறு புத்தகமாக இருந்தது, இப்போது டிஜிட்டலுக்கு மாறிவருகிறது. எந்த வடிவமானாலும் அதில் உங்கள் பெயர், அமைப்பின் பெயர், வேலை செய்யும் இடம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பள்ளியின் பெயரில் அனுமதி வாங்கிக்கொண்டு இன்னொரு பள்ளிக்கு அனுப்பினால் போகாதீர்கள்.

நான்காவது, தங்கும் காலத்துக்கான தாள்கள். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் டி.எம். 30 என்ற அறிவிப்பைக் குடிவரவு அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கிராமத்தில் வீட்டுக்காரருக்கு இது தெரியாமலே இருக்கலாம். நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். 90 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்கினால் டி.எம். 47 படிவத்தில் முகவரியை அறிவிக்க வேண்டும். தங்கும் காலத்தை நீட்டித்த பிறகு நடுவில் ஊருக்கு வந்துபோக நினைத்தால் மறுநுழைவு அனுமதி வாங்காமல் கிளம்பக்கூடாது. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். தீபாவளிக்கு அவசரமாகக் கிளம்பி வந்து, மொத்த விசாவையும் இழந்தவர்கள் உண்டு. தேதி தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். நாட்கள் கூடினால் ஆண்டுக்கணக்கில் நுழைவுத் தடை.

ஆசிரியராகவே வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. ஆசிரியர் உரிமத்தை அல்லது தற்காலிக அனுமதியைக் குருசபா என்கிற ஆசிரியர் கவுன்சில் தருகிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரைத் தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் என்று அங்கே எண்ணமாட்டார்கள். டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பது வழக்கம். நீங்கள் கான்வென்டில் படித்தவரானாலும் சரி. கோபப்பட்டுப் பயனில்லை, தேர்வை எழுதிவிட்டுப் போங்கள்.

"விசா இல்லாம வந்துடுங்க, அப்புறம் லாவோஸ் போய் மாத்திக்கலாம்" என்று சொல்லும் இடங்கள் ஏராளம். வியன்டியனில் உள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் விசா கேட்பது தவறில்லை. ஆனால் அதுவரை வகுப்பெடுக்கச் சொன்னால் அது தவறு. பஸ் கட்டணம், லாவோஸ் விசாக் கட்டணம், ஹோட்டல் எல்லாம் உங்கள் தலையில். கேட்ட விசா கிடைக்காமல் போனால் அங்கிருந்தே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

விமான நிலையத்தில் கேட்டால் "சுற்றுலான்னு சொல்லிடுங்க" என்று சொல்லித்தருவார்கள். அப்படிச் சொன்ன கணத்தில் இரண்டு நாட்டு அதிகாரிகளிடம் பொய் சொன்னவர் நீங்கள் ஆகிறீர்கள். பிறகு எந்தப் புகார் கொடுத்தாலும் அந்தப் பொய்தான் முதலில் வந்து நிற்கும்.

இங்கேயே வாங்க வேண்டிய தாள்கள்

காவல்துறைத் தடையின்மைச் சான்று, அதாவது பி.சி.சி.: இதைப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்துப் பாஸ்போர்ட் அலுவலகத்திடமிருந்து வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாடு காவல்துறை தன் இணையதளத்தில் தரும் நன்னடத்தைச் சரிபார்ப்பு அறிக்கை வேறு. அதை எடுத்துக்கொண்டு போய் "இது செல்லாது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் பலர். உங்களிடம் பி.சி.சி.யே கேட்காமல் குழந்தைகள் இருக்கும் வகுப்பறைக்குள் விடுகிற அமைப்பைப் பற்றி நீங்கள்தான் யோசிக்க வேண்டும். யாரையும் இப்படித்தான் உள்ளே விடுவார்கள்.

பட்டச் சான்று: புரொவிஷனல் போதும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பட்டமளிப்புச் சான்று வேண்டும். பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் ஒப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம் என்று வரிசையாகப் போக வேண்டும். போகும் நாடு ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்தால் அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை போதும். இந்தியா அதில் 2005-ல் சேர்ந்தது. இல்லாத நாடென்றால் அமைச்சகத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். ஒரு தாளுக்கு அப்போஸ்டில் அரசுக் கட்டணம் 50 ரூபாய். அதன்மேல் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தின் சிறு கட்டணம். இந்த வேலைக்கு ஏஜென்டுகள் ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள் என்றால் அதற்கு நம் சோம்பலும் காரணம், ஒரு சான்றுக்கு மூன்று அலுவலகங்களுக்கு அலையவைக்கும் அரசும் காரணம். பல்கலைக்கழகத்தில் சான்று கைக்கு வர வாரக்கணக்காகும்; விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

மூலச் சான்றிதழை எந்தப் பள்ளியிடமும் ஒப்படைக்க வேண்டாம். காட்டலாம், நகல் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டையும் அப்படியே. 1967-ம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. "பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்" என்று வாங்கி வைக்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

பணம் யார் யாருக்குக் கொடுப்பது?

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பிக்க ஒரு பைசாவும் கேட்பதில்லை. போகிறவருக்கு வாழ்க்கைச் செலவுக்குப் படியும் தருகிறது. ஐ.நா. பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்டாலே அது மோசடி. தனியார் அமைப்புகள் தங்குமிடம், பயிற்சி என்று கட்டணம் வாங்குவது சட்டவிரோதம் இல்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி, ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது தர வேண்டும். பாதியில் திரும்பினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

சம்பளத்தோடு வேலை என்று சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது வேறு. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இ-மைகிரேட் இணையதளத்தில் அவர் பெயரும் எண்ணும் இருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்கவே சிலர் "இது வேலை இல்ல, வாலன்டியர்" என்கிறார்கள். அங்கே போனபின் "மூணு மாசம் வாலன்டியர், அப்புறம் சம்பளம்" என்று பேச்சு மாறும். பட்டம் படித்தவரின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருப்பதில்லை, அதனால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் கண்ணிலும் படாமல் கிளம்பிவிடுகிறார். படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்று அரசு நினைக்கிறது. படித்தவன்தான் ரசீது கேட்பதில்லை.

இன்னொரு சோதனை, பள்ளி நாட்காட்டி. தாய்லாந்து அரசுப் பள்ளிகள் மே நடுவில் திறக்கும். அக்டோபரில் ஒரு விடுமுறை. நவம்பரில் அடுத்த பருவம். மார்ச்சில் ஆண்டு முடிந்துவிடும். ஏப்ரலில் சோங்க்ரான் புத்தாண்டு. நம் ஊர்க் கோடை விடுமுறைக்குத் தோதாக "ஏப்ரலில் தாய்லாந்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர்" என்று விளம்பரம் வந்தால், பூட்டிய பள்ளியில் யாருக்குப் பாடம் எடுப்பது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் கோடை முகாமாக இருக்கும். இல்லையென்றால் குழந்தைகள் இல்லமாக இருக்கும்.

அனாதை இல்லம் என்றால் வேண்டாம்

குழந்தைகள் இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற அழைப்பை மறுத்துவிடுங்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது திரும்பத் திரும்பத் தெரியவந்தது. நேபாளத்தில் தொலைவிலுள்ள மலை மாவட்டங்களில் ஏழைப் பெற்றோரிடம் "காத்மாண்டுவில் படிக்கவைக்கிறோம்" என்று சொல்லிப் பிள்ளைகளை வாங்கிப்போய், பெற்றோர் இறந்ததாகத் தாள் தயாரித்து இல்லத்தில் சேர்த்தார்கள். வெளிநாட்டார் வந்து கொடுக்கும் பணமே அந்த வியாபாரத்தின் முதல். 2017-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று இதை நவீன அடிமைத்தனத்தின் வடிவமாகவே எழுதிவைத்தது. இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு நீங்கள் திரும்பிவிடுவீர்கள். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார். மாதத்துக்கு இரண்டு பேர் வந்து பாசம் காட்டிவிட்டுப் போனால் அந்தக் குழந்தை என்ன ஆகும்?

பள்ளியிலும் குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளையின் படத்தை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டால் சும்மா இருப்போமா?

மே சோட் என்ற ஊர்

தாய்லாந்தின் மேற்கு எல்லையில் இருக்கிறது மே சோட். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியான்மரின் மியாவாடி. ஆங்கிலம் தெரிந்த இளைஞர்களைப் பாங்காக்குக்கு வரவழைத்து, கார் வைத்து மே சோட் கொண்டுபோய், இரவில் ஆற்றைக் கடக்கவைத்து, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கும் கும்பல்கள் இன்னும் ஓயவில்லை. 2022-ல் அங்கே சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து கொண்டுவந்தன. கம்போடியாவிலும் லாவோஸின் தங்க முக்கோணப் பகுதியிலும் இதே கதைதான். டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட், ஆங்கிலப் பயிற்றுநர் என்று பெயர்தான் மாறும்.

விமான நிலையத்தில் வந்து அழைப்பவர் பள்ளியின் பெயரைச் சொல்லாமல் "ஹோட்டல்ல பேசிக்கலாம்" என்றால் ஏறாதீர்கள். வண்டி மே சோட் பக்கமோ வேறு எல்லை ஊர்ப் பக்கமோ போனால், செக்போஸ்ட்டில் இறங்கிப் போலீஸாரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். ஆற்றைக் கடந்த பிறகு தூதரகத்தால் செய்ய முடிவது மிகக் குறைவு. இதையும் யாரும் கேட்பதில்லை என்பதால் மறுபடி சொல்கிறேன்: ஆற்றைக் கடக்காதீர்கள்.

ஊரோடு வாழும்போது

முறையாகப் போனவருக்குத் தாய்லாந்துப் பள்ளி நல்ல அனுபவம், அதை மறுக்கவில்லை. காலை 8 மணிக்குக் கொடிக்கம்பத்தின் முன்னே பள்ளி முழுதும் வரிசையில் நிற்கும். தேசிய கீதம், பிறகு புத்த வணக்கம். வகுப்பறை வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். ஆசிரியரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டும் அரிசிச் சோறு. சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மீன் சாறு இல்லாத குழம்பு அங்கே அபூர்வம். பிள்ளைகளின் தலையைத் தட்டிக்கொடுக்கும் நம் வழக்கம் அங்கே மரியாதைக் குறைவு.

ஆனால் நான்கு இடங்களில் நம்மவர்கள் வழுக்குகிறார்கள்.

அரச குடும்பத்தைப் பற்றிய கேலி, மீம், விமர்சனம்: தாய்லாந்துக் குற்றவியல் சட்டம் 112-ம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. வெளிநாட்டவர் என்று விடமாட்டார்கள்.

ஸ்கூட்டர்: கிராமத்தில் வேறு போக்குவரத்து இருக்காது. கியர் வண்டிக்கான நம் உரிமத்தின்மேல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். உரிமம் இல்லாமலோ ஹெல்மெட் இல்லாமலோ விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது. பாலிசியில் இருசக்கர வாகனமும் தன்னார்வப் பணியும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று வாங்கும் முன்பே படித்துப் பாருங்கள். அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்களுக்கானது, உங்களுக்குக் கிடைக்காது.

வேப் என்கிற மின் சிகரெட்: அங்கே தடை செய்யப்பட்ட பொருள். கடையில் வெளிப்படையாக விற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பார்சல்: "சென்னை ஏர்போர்ட்ல எங்க அண்ணன் வந்து வாங்கிப்பார்" என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடம் உயர்ரகக் கஞ்சா பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் வாடிக்கையாகிவிட்டது. ஒரு கிலோவுக்கு மேல் இருந்தாலே பத்து ஆண்டு வரை கடுங்காவல். எனக்குத் தெரியாது என்ற வாதத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

மாட்டிக்கொண்டால்

அங்கே இருக்கும்போது: சுற்றுலாப் போலீஸ் 1155. ஆள்கடத்தல் போன்ற ஆபத்துக்கு 1300. பாங்காக்கில் இந்தியத் தூதரகம், சியாங் மாயில் துணைத் தூதரகம் இருக்கின்றன. அவசர எண்ணைப் புறப்படும் முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனைத்தான் முதலில் பிடுங்குவார்கள். தொலைபேசியில் சொன்னதோடு விடாமல் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குறையைப் பதிவு செய்யுங்கள். எண் கிடைத்த புகாருக்குத்தான் பதில் வரும். கையில் காசில்லாமல் தவிப்பவருக்கு விமான டிக்கெட், தற்காலிகத் தங்குமிடம், சட்ட உதவி தர இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. நீங்களாகப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பல அதிகாரிகளுக்கு அது நினைவுக்கு வரும். எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்தை அணுகலாம். இந்தியாவுக்குள் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து 080 6900 9900. மத்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா 1800 11 3090. பாஸ்போர்ட் முதல் பக்க நகல், விசாப் பக்க நகல், கடைசியாகப் பேசிய இடம், ஏஜென்டின் எண் ஆகிய நான்கும் இருந்தால்தான் மனு நகரும். பிள்ளை கிளம்பும் நாளிலேயே அம்மா கையில் ஒரு கவரில் இவற்றைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின்: ஏமாற்றியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவு, ஆள்கடத்தலுக்கு 143. காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல. அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வழக்குப் பதியாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 173(4)-ன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதமானால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு தன்னார்வப் பயணம் ஏற்பாடு செய்வது சேவைதான். சேவையில் குறை என்று மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டியிருந்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழி தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேளுங்கள்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் "விடுங்க சார், வெளிய தெரிஞ்சா அசிங்கம்" என்கிறார்கள். எம்.ஏ. படித்தும் ஏமாந்தேனே என்ற வெட்கம். ஏஜென்டுக்கு அது தெரியும். அதனால்தான் அதே அலுவலகத்தில், அதே எண்ணோடு, அடுத்த பேட்சுக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருக்கிறார். நுகர்வோர் வழக்குக்குக் கெடு 2 ஆண்டு. யோசித்துக்கொண்டே அதைத் தாண்டவிட்டவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பணம் கட்டிய தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். இன்னும் கிளம்பாதவர்கள், விசாப் பிரிவு எழுதப்படாத கடிதத்தை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.